லோமேயில் ஒரு நண்பர்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஐயாத்துரையரை நெளுக்குளம் சந்தியில் நிற்பாட்டி வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், மனிதர் ஒரு கிழமையாக அங்கேயே நிற்கிறார். இப்போதுதான் பஸ் வருகிறது.

அது கிட்ட வருவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடலாம். ஐயாத்துரையர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். ஒரே மகன் சிவகரன், இரண்டு வருடத்துக்கு முன் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் கனடாவுக்கென்று புறப்பட்டான். ஏஜென்சிக்காரன் அவனை மேற்கு ஆபிரிக்காவில் லோமே என்ற நகரத்தில் இறக்கி, "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த நாளை இன்னும் வரவில்லை. சிவகரன் அங்கிருந்து ஒரே ஒரு தடவை தொலைபேசியில் பேசினான். அதன் பிறகு குடும்பம் வீடு மாறியது. பழைய தொலைபேசி எண் இப்போது ஒரு கோழிக்கடையில் அடிக்கிறது. ஆகவே சிவகரன் கையில் மிஞ்சியிருப்பது ஒரே முகவரி: போகுமுன் அக்கா கௌசலா அப்பாவின் பெயரில் திறந்து கொடுத்த ஈமெயில்.

அந்த ஈமெயிலுக்கு நேற்று லோமேயிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். உங்கள் மகனைக் கண்டேன் என்று.

பஸ் வந்தது. கூடவே மனைவி நாகேஸ்வரியும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். இரண்டு வருடமாகப் புருஷன் எங்கே போனாலும் படலைவரைகூட வராதவள். அந்த வீட்டில் வாய் திறந்து சத்தம் போடுவது தண்ணீர்ப் பம்பி மட்டுந்தான்.

"இஞ்சேருங்கோ, அந்தாளிட்டக் கேளுங்கோ, பிள்ளை தலைமயிர் ஒழுங்கா வெட்டுறவனோ எண்டு."

"நாடு விட்டு நாடு கேக்கிற கேள்வியே இது?"

"கண்டவருக்குத் தெரியும்தானே."

ஐயாத்துரையர் ஏறிவிட்டார். பஸ் அசைந்தது. நாகேஸ்வரி பக்கத்தோடு நடந்து வந்து யன்னலில் தட்டினாள்.

"சாப்பிட்டவனோ எண்டும் கேளுங்கோ!"

"கேக்கிறம் அம்மா, விலத்துங்கோ," என்றான் கொண்டக்டர்.

* * *

அர்ஷாக்கின் கடை வவுனியா பசார் வீதியில் இருந்தது. நாலு கொம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், வெளிநாட்டுக்குப் பேச ஒரு கண்ணாடிக் கூடு. அவனுடைய குடும்பம் முல்லைத்தீவிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டுப் புத்தளம் போய், புத்தளத்திலிருந்து வவுனியாவரை திரும்பி வந்த குடும்பம். மிச்சத் தூரத்துக்கு இன்னும் துணிவு வரவில்லை என்று அவனே சொல்வான்.

"வாங்கோ மாஸ்ரர். உங்கட கதிரை சும்மாதான் கிடக்குது."

மூலைக் கதிரை அவருடையது என்று ஊருக்கே தெரியும். அவருடைய பாஸ்வேட்டும் ஊருக்கே தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தட்டுவார், தந்தி அடிக்கிறவர் மாதிரி. மகனுடைய பெயர், பின்னால் அவன் பிறந்த வருடம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருநாள், "மாஸ்ரர், உங்கட மகனும் என்ர மகளும் ஒரே வயசு," என்றார். எப்படித் தெரியும் என்று ஐயாத்துரையர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் அவருக்கு ஒருவரும் எழுதவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை வந்து வெறும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். பிறகு எப்படியோ எழுதத் தொடங்கினார்கள்.

முதலில் எழுதியவர் ஒரு ஜெனரலின் விதவை. புருஷன் விட்டுப்போன பெட்டிகளை நாட்டைவிட்டுக் கடத்த ஒரு நம்பிக்கையான ஆள் தேவை என்றாள். ஐயாத்துரையர் அனுதாபம் தெரிவித்துப் பதில் போட்டார். பெட்டிகள் விடயமாகச் சுங்கத் திணைக்களத்தை அணுகும்படியும் ஆலோசனை சொன்னார். இன்னும் இரண்டு விதவைகள் வந்தார்கள். அடுத்தது புற்றுநோய் வந்த வங்கி முகாமையாளர். அவருக்காகக் குருமன்காட்டுப் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை செய்வித்தார். அதிர்ஷ்டச் சீட்டில் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு நிறுவனம் அறிவித்தபோது, தாம் சீட்டு வாங்கவில்லை என்றும், பரிசை உரியவரைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பிக்கும்படியும் எழுதினார். கடிதம் வந்தால் பதில் போடுவது அவருக்குப் பல் விளக்குவது போல. முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

உலகமே அழித்து எறிகிற கடிதங்களை ஐயாத்துரையர் ஆறுதலாக, கண்ணாடியைத் துடைத்து, வாசித்தார். ஏனென்றால் அவற்றில் பாதி ஆபிரிக்காவிலிருந்து வருவதாகச் சொல்லின. ஆபிரிக்காவில் அவருக்கு ஒருவன் இருந்தான்.

ஒவ்வொரு பதிலின் அடியிலும் ஒரு பந்தி சேர்ப்பார்: தாங்கள் லோமேயில் அல்லது அதன் அயலில் வசிப்பவரானால், உயரமான, பேச்சுக் குறைந்த, இடது புருவத்துக்கு மேல் தழும்புள்ள ஓர் இலங்கைப் பையனைக் கண்டால் தயவுசெய்து அறியத்தரவும்.

விதவைகள் பையனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் 'என் அன்புக்குரிய ஐயாத்துரை' என்று தொடங்கினார்கள். அந்த வருடம் வேறு ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை.

நேற்றுத்தான் பெனடிக்ற் எழுதினார். உயரமான பையன். இடது புருவத்துக்கு மேல் தழும்பு. அதிகம் பேசமாட்டான். ஒரு தேவாலயத்தில் தங்கியிருக்கிறான். தாய்க்கும் தன் சகோதரர்களுக்கும் அன்பைச் சொல்லச் சொன்னான். உங்களுக்குப் பல தடவை எழுதினானாம், எல்லாம் திரும்பி வந்ததாம். உங்கள் ஈமெயில் உறுதிப்படுத்தப்படவில்லைப் போலிருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள்.

சிவகரனுக்குச் சகோதரர்கள் இல்லை. ஒரு அக்காதான். ஐயாத்துரையர் அந்த வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு, வெள்ளைக்காரப் பாஷையில் மரியாதைக்கு அப்படிப் பன்மையில் எழுதுவார்களாக்கும் என்று தாண்டிப் போனார்.

அதற்கு அடுத்தபடியாக, ஈமெயில் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் என்று கையெழுத்திட்டு ஒரு அறிவித்தல். உமது கணக்கை நாளை மதியத்துக்குள் உறுதிப்படுத்தாவிடில் அது மூடப்படும். உள்ளே இருக்கும், இனி வர இருக்கும் எல்லாக் கடிதங்களும் அழிக்கப்படும். கீழே நீல எழுத்தில் ஒரு வரி, அதில் அழுத்தவும்.

நேற்று அதைத் திறந்தபோது கரண்ட் போய்விட்டது. இன்று அந்த நாளை மதியம்.

தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கையை மீறுவது எப்படி என்று ஐயாத்துரையருக்குத் தெரியாது. அவருக்கு அது கற்பிக்கப்படவில்லை. நீல வரியில் அழுத்தினார். ஒரு பக்கம் விரிந்தது. அதே நிறம், அதே சின்னம். பெயர் கேட்டது. கொடுத்தார். பாஸ்வேட் கேட்டது. எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். பாஸ்வேட் மறந்தால் கேட்கும் இரகசியக் கேள்விக்குப் பதிலையும் கேட்டது. அதையும் கொடுத்தார்.

'நன்றி' என்றது பக்கம். பிறகு வெள்ளையாகிவிட்டது.

ஐயாத்துரையர் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தபால்பை வந்து இறங்கப்போகிறது. தடைப்பட்ட கடிதங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழப்போகின்றன.

* * *

போட்டோக்கொப்பி எடுக்க அந்தப் பக்கம் வந்த அர்ஷாக் திரையைக் குனிந்து பார்த்தான். மேலே முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் பெயர் இல்லை. ஒரு வரி இலக்கம் கிடந்தது.

"மாஸ்ரர், இதில ஏதும் அடிச்சனீங்களோ?"

"எல்லாம் அடிச்சாச்சு. இனி வரும்."

"என்ன வரும்?"

"பிள்ளையின்ர கடிதங்கள்."

அர்ஷாக் போட்டோக்கொப்பியை மறந்தான். கண்ணாடிக் கூட்டுக்குள் புகுந்து கௌசலா மருந்து கொடுக்கும் பாமசிக்கு அடித்தான். "அக்கா, உடன வாங்கோ. மாஸ்ரர் சாவியைத் தூக்கிக் குடுத்திட்டார்."

கௌசலா வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே சைக்கிளில் வந்தாள். வழியில் செக்பொயின்ற் ஆமிக்காரன், டொக்டர் அவசரமாக எங்கோ போகிறா என்று நினைத்து அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. இந்த நாட்டில் சில வேலைகளுக்கு வெள்ளைக் கோட்டு நல்லது.

"எழும்புங்கோ அப்பா."

"என்ன பிள்ளை? வேலை நேரத்தில..."

"கதிரையை விடுங்கோ முதல்."

அவள் பழைய பாஸ்வேட்டை அடித்தாள். லைன் அன்று நத்தை போல் ஊர்ந்தது. பக்கம் மேலிருந்து அரை அங்குலம் வந்து நின்றது. பிறகு இன்னும் அரை அங்குலம். மறுமுனையில், எந்த நாட்டிலோ, ஒருவன் இதே கதவுக்கு இதே சாவியைப் போட்டுக்கொண்டிருக்கலாம். அவன் முந்திப் பூட்டை மாற்றினால் சிவகரனுக்குத் தெரிந்த ஒரே முகவரி அவனுடையதாகிவிடும். தம்பி எழுதினால் அவன் வாசிப்பான்.

"வா, வா, வா," என்றான் அர்ஷாக், பந்தயத்தில் மாட்டை விரட்டுகிறவன் போல.

கதவு திறந்தது.

கௌசலா ஒரு சத்தமும் இல்லாமல் புது பாஸ்வேட்டைத் தட்டினாள். இரகசியக் கேள்வியையும் மாற்றினாள். மாறிவிட்டது என்று திரை சொன்னபோதுதான் மூச்சு விட்டாள்.

"என்னெண்டு வைச்சனீ?" என்றார் ஐயாத்துரையர், கடை முழுக்கக் கேட்க.

"சொல்லமாட்டன்."

"எனக்குமோ?"

"வீட்ட போய்ச் சொல்லுறன். காதுக்குள்ள."

தேத்தண்ணிக் கடைக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பிள்ளை, தலைமை அலுவலகம் கேட்டது. நான் குடுத்தனான். அதில என்ன பிழை?"

"எந்தத் தலைமை அலுவலகம் அப்பா சாவியைக் கடிதம் போட்டுக் கேக்கும்?"

"எங்கட திணைக்களம் கேக்கும். இடமாற்றம் வந்தால் இரும்புப்பெட்டிச் சாவியை ஒப்படைக்க வேணும்."

"ஆரிட்ட ஒப்படைப்பீங்கள்? ஆளைப் பாத்துத்தானே?"

"ஓம். கையெழுத்து வாங்கித்தான்."

"இண்டைக்கு ஆரைப் பாத்தனீங்கள்?"

அர்ஷாக் மூன்று பிளேன்ரீ சொல்லிவிட்டு வந்தான்.

"பொறுங்கோ, காட்டுறன்," என்று கௌசலா கதிரையை அவர் பக்கம் திருப்பினாள். "இந்தப் பேருகள் ஆரும் எப்பிடியும் போடலாம். நான் ஜனாதிபதி எண்டும் போடலாம். பேரில அழுத்தினால்தான் உண்மையான முகவரி வரும். முதல் உங்கட தலைமை அலுவலகம்." அழுத்தினாள். ஒரு நீளமான முகவரி வந்தது. எழுத்தும் இலக்கமும் கலந்த, வாயில் நுழையாத முகவரி. "இப்ப பெனடிக்ற்." அழுத்தினாள்.

அதே எழுத்து. அதே இலக்கம்.

ஐயாத்துரையர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டக் குனிந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உறையில் எழுதியிருக்கும் ஊரைவிட முத்திரை சொல்லும் ஊரைத்தான் நம்ப வேண்டும் என்று ஒரு காலத்தில் புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"ரெண்டுக்கும் ஒரே முத்திரை," என்றார்.

"ஓம் அப்பா."

"பெனடிக்ற் அப்ப தலைமை அலுவலகத்தில வேலை செய்யிறாரோ?"

அர்ஷாக்குக்குச் சிரிப்பு வந்தது. கௌசலாவின் முகத்தைப் பார்த்து அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினான்.

"அப்பா..."

"விளங்குது பிள்ளை. எனக்கு விளங்காமல் கேக்கேல்ல." கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஆனால் தழும்பு? அந்தத் தழும்பை அவருக்கு ஆர் சொன்னது?"

கௌசலா அனுப்பிய கடிதங்களின் பெட்டியைத் திறந்தாள். உயரமான, பேச்சுக் குறைந்த, இடது புருவத்துக்கு மேல் தழும்புள்ள. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அதே பந்தி. அவள் கீழே கீழே இழுத்துக்கொண்டே போனாள். முடியவில்லை. அப்பா இவ்வளவு பேருக்கு எழுதியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. இந்த வருடம் அவளிடம் அவர் பேசியதைவிட இது அதிகம்.

"நீங்கள் சொன்னதைத்தான் அவன் திருப்பிச் சொல்லியிருக்கிறான். நீங்கள் சொல்லாத இடத்தில தானாக ஒண்டைப் போட்டவன். சகோதரர்கள்."

"அதில நானும் நிண்டனான்," என்றார் ஐயாத்துரையர் மெதுவாக. "நிண்டிட்டுப் போயிட்டன்."

நேற்று மதியத்திலிருந்து இன்று மதியம்வரை சிவகரன் ஒரு தேவாலயத்தில் பத்திரமாக இருந்தான். இப்போது மறுபடியும் எங்குமில்லை. நெளுக்குளத்தில் நாகேஸ்வரி நல்ல சேதி வருமென்று பயற்றங்காயும் கத்தரிக்காயும் வாங்கிச் சமைத்துக்கொண்டிருப்பாள்.

"கொம்மாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

கௌசலா கதிரையைத் திரும்பவும் திரைப்பக்கம் திருப்பினாள்.

* * *

சாவி கேட்டவன் உள்ளே வந்து எதையாவது கிண்டினானா என்று பார்ப்போம் என்று அவள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. கடைசியாக ஓரத்தில் ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது.

"இதுக்க பாக்கிறனீங்களோ அப்பா?"

"அது குப்பைக் கூடையெல்லோ. தபால் கந்தோரிலயும் குப்பையை நான் ஒருநாளும் கிண்டினதில்லை."

"இதை நாங்கள் போடுறேல்ல. சந்தேகமான கடிதங்களை மெசினே பிடிச்சு இதுக்க போடும்."

"அப்ப பெனடிக்ற் ஏன் இதுக்க விழேல்ல?"

"நீங்கள் இப்பிடியான ஆக்களுக்குப் பதில் போட்டுப் போட்டு, எல்லாரும் தெரிஞ்ச ஆக்களெண்டு மெசின் நினைச்சிருக்கும்."

திறந்தாள். மாத்திரை விளம்பரங்கள், கைக்கடிகார விளம்பரங்கள், ஆண்களுக்கான சில மருந்துகள். பாமசிக்காரியாக இருந்தும் கௌசலா வேகமாகக் கீழே இழுத்தாள். அடியிலிருந்து இரண்டாவது வரியில் கை நின்றது.

அனுப்பியவர் யாரென்று தெரியாத ஒரு முகவரி. விடயம் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் ஒரே சொல். அப்பா.

"திறக்காதேங்கோ அக்கா," என்றான் அர்ஷாக். "இதுவும் அவன்தான். உள்ளுக்கு வந்து பாத்திட்டுப் போட்டிருப்பான்."

"திகதியைப் பார். மூண்டு கிழமைக்கு முந்தினது."

"திகதியை மாத்தேலாதோ?"

மூன்று பேரும் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில் என்றால் ஐயாத்துரையர் இதற்குள் திறந்து, வாசித்து, பதிலும் போட்டிருப்பார்.

"பிள்ளை," என்றார், "அது ஏதும் கேக்குதோ எண்டு மட்டும் பார். கேட்டால் மூடு."

கூடவே இணைப்பு ஒன்றும் வரவில்லை என்று பார்த்துவிட்டு அவள் திறந்தாள். நீல வரி ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ். அவள் வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தாள். பிறகு சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அப்பா அவள் தோளைப் பிடித்திருந்தார்.

'அப்பா, இது நாலாவது. முதல் மூண்டுக்கும் பதில் வரேல்ல. ஆருக்கும் பதில் போடாமல் விடுற ஆள் இல்லை நீங்கள். அதால உங்களுக்கு என்னில கோபமெண்டு விளங்குது. கௌசியக்காவிட்டச் சொல்லுங்கோ, அவ ஒளிச்சுத் தந்த உங்கட குடையைக் கொழும்பு பஸ்ஸிலயே விட்டிட்டன். அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ. இனி எழுதி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டன்.'

"என்ர குடையோ?" என்றார் ஐயாத்துரையர்.

கௌசலா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மழை பெய்தது. அவனிட்டக் குடை இல்லை. தொலைஞ்சு போச்செண்டு உங்களிட்டச் சொன்னனான்."

"வேற ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அர்ஷாக் மெல்ல விலகிப்போய், ஒருவரும் இல்லாத போட்டோக்கொப்பி மெசினைத் துடைக்கத் தொடங்கினான்.

"முதல் மூண்டும் எங்க?"

"இந்தக் கூடையை மாதம் ஒருக்கால் மெசின் தானாவே துடைச்சுப்போடும் அப்பா."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். மூன்று விதவைகளுக்கும் ஒரு வங்கி முகாமையாளருக்கும் அவர் அனுதாபம் எழுதிக்கொண்டிருந்த அதே மேசை. விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி, இந்தத் தடவை வாய் திறக்காமல், எழுதினார். கோபம் இல்லை. இன்றுதான் கண்டோம். எங்கே நிற்கிறாய்? அவ்வளவுதான் வந்தது. கௌசலா தன் பாமசி தொலைபேசி எண்ணை அடியில் சேர்த்தாள். அனுப்பினார்கள். போய்விட்டது என்று திரை சொன்னது.

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"பிள்ளை."

"சொல்லுங்கோ."

"அவனுக்கு நாங்கள் இதுவரைக்கும் ஒண்டும் எழுதினதில்லை. அவன்ர மெசினும் எங்களைச் சந்தேகப்படலாம்."

"ஓம்."

"அவன்ர பக்கத்திலயும் இப்பிடி ஒரு கூடை இருக்குமோ?"

கௌசலா வெள்ளைக் கோட்டின் பொத்தானைத் திருகினாள்.

"இருக்கும் அப்பா."

ஒன்று கூடைக்குள் விழுந்தாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்று ஐயாத்துரையர் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.